வலது மேல் மூலை

ஜனவரி 9

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலமும் அக்காவின் நலமும் அறிய ஆவல். உங்கள் கொழுந்தியாளும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீட்டிலேயே பல் செய்கிற அப்பா இருக்கிற தைரியத்தில் அவள் அழக்கூட இல்லை.

கேமராவையும் இந்தத் தவணையில் எடுத்த படங்களையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இனி உங்கள் முறை. மருமகன்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கேமராவை வாங்கிக் கொடுத்த நம் மாமனார், "மூணு மாசம் பல் மாப்பிள்ளைகிட்ட, மூணு மாசம் பிஸ்கட் மாப்பிள்ளைகிட்ட. கைமாறும்போதெல்லாம் லெட்டர் போட்டுக்கணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசிக்க மாட்டீங்க" என்றார். அவர் மட்டும் சொல்லாதிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

போன தடவை நான் அனுப்பிய படங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலை வெட்டுப்பட்டிருந்தது. வழியில் எலி கடித்துவிட்டதோ என்று பார்த்தேன். எலி இவ்வளவு நேராகக் கடிக்காது. உங்கள் கம்பெனியில் கழித்துப்போடும் பிஸ்கட் பெட்டிகளுக்கு இப்படித்தான் மூலை வெட்டுவீர்கள் என்று என் மனைவி சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

அண்ணா, நான் நாள் முழுக்க லேபில் பொய்ப்பல் செய்கிறவன். ஒரு பல் மயிரிழை உயர்ந்துவிட்டால் போதும், அதைக் கட்டிக்கொண்ட மனுஷன் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அளவு, அளவு, அளவு. அந்த லேபை விட்டு வெளியே வந்து கேமராவைத் தூக்கினால்தான் எனக்கு மூச்சு வருகிறது. பஸ்ஸில் கொட்டாவி விடுகிறவர், மழையில் செருப்பைக் கையில் பிடித்து ஓடுகிறவர், கோணலாகக் காயும் துணி, எல்லாவற்றையும் எடுக்கிறேன். அங்கேயாவது தப்பாக இருந்துவிட்டுப் போகிறேனே. தயவுசெய்து கத்திரிக்கோலை உங்கள் கம்பெனியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகலை

ஜனவரி 27

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

கேமரா வந்தது. லென்ஸில் உன் விரல்ரேகை முழுசாக இருந்தது. துடைத்தேன்.

மூலையை வெட்டியது நான்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? பெல்ட்டில் வரும் பிஸ்கட்டில் உடைந்தது எது, கருகியது எது என்று ஒரு பார்வையில் பிரிக்கிறவன் நான். உன் படங்களுக்கும் அதே ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. பஸ் சாய்ந்திருக்கிறது, தெரு சாய்ந்திருக்கிறது. உன் மனைவி தலையில் பாதியைக் காணோம். கொட்டாவி விடுகிறவனைப் படம் எடுத்தால் பார்க்கிறவனுக்கும் கொட்டாவிதான் வரும். எங்கள் போட்டோ கிளப்பில் இதையெல்லாம் மேஜையில் வைக்கக்கூட விடமாட்டார்கள். மூலையை வெட்டிவிட்டால் நல்ல படங்களோடு தெரியாத்தனமாகக் கலந்துவிடாது. அது உனக்கு நான் செய்த உபகாரம்.

சந்தோஷத்துக்காக எடுக்கிறேன் என்கிறாய். சந்தோஷமாக இருப்பதற்குக் கேமரா எதற்கு? சும்மா உட்கார்ந்தே இருக்கலாமே. ஒரு காரியத்தைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இங்கு அனைவரும் நலம்.

இப்படிக்கு,
அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணன் அவர்களுக்கு,

நலம்தானே?

கேமரா இன்னும் வரவில்லை. உங்கள் தவணை முடிந்து நாளாகிவிட்டது. தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

இன்னொரு விஷயம். அக்காவிடமிருந்து தங்கைக்குக் கடிதமே வருவதில்லை. மாதம் தவறாமல் எழுதுகிறவர், போன வருஷக் கடைசியிலிருந்து நிறுத்திவிட்டார். இவள் எழுதினால் "நலம், வேலை இருக்கிறது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. "அக்காவுக்கு ஏதாவது மனக்கஷ்டமா, கேளுங்க" என்று இவள் தினமும் என் உயிரை வாங்குகிறாள். கேட்டுவிட்டேன். பதில் எழுதுங்கள்.

சகலை

மே 2

தம்பிக்கு,

நலம்.

கிளப்பின் ஆண்டுக் கண்காட்சி வருகிறது. இந்த வருஷத் தலைப்பு 'மகிழ்ச்சி'. அதற்கேற்ற படம் எனக்கு இன்னும் அமையவில்லை. பூங்காவில் ஊஞ்சலாடும் குழந்தைகளை வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து எடுத்தேன். செயலாளர் பார்த்துவிட்டு, "டெக்னிக் சரியா இருக்கு, ஆனா குழந்தைங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிக்கிற மாதிரி இருக்காங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவருக்குப் பொறாமை. படம் அமையும்வரை கேமரா இங்கேதான் இருக்கும். நீ கொட்டாவியை அடுத்த வருஷம் எடுத்துக்கொள். கொட்டாவி எங்கும் போய்விடாது.

இங்கு அனைவரும் நலம்.

அண்ணன்

மே 8

சகலைக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

'மகிழ்ச்சி' என்று தலைப்பு. அதற்காக இன்னொருத்தன் சந்தோஷத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பூங்காவில் குழந்தைகளை மிரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரிய வருகிறது, என்னிடமிருந்து என்ன போய்விட்டதென்று. இப்போது தெருவில் எதைப் பார்த்தாலும் முன்னால் உங்கள் கத்திரி சத்தம்தான் கேட்கிறது. சாய்ந்திருக்கிறதா, தலை வெட்டுப்படுகிறதா என்று கணக்குப் பார்க்கிறேன். லேபுக்கும் தெருவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேமரா கைக்கு வந்தால் மறுபடி பழையபடி எடுக்க வருமா என்று பயமாக இருக்கிறது. வராவிட்டால் உங்களை மன்னிக்கமாட்டேன்.

மாமனாருக்கு எழுதிவிட்டேன். அக்காவைப் பற்றி நான் கேட்டது உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. மறுபடி கேட்கிறேன். அவர் எப்படி இருக்கிறார்?

சகலை

மே 30

தம்பிக்கு,

பெரியவரிடம் கோள் சொல்லிக் காரியம் சாதித்துவிட்டாய். சந்தோஷம்.

கேமராவை அனுப்பிவிட்டேன். உள்ளே ஃபிலிம் பாதி மிச்சம் இருக்கிறது. வழக்கம்போல முடிக்கிறவன் கழுவக் கொடுத்து, பிரிண்டை மற்றவனுக்கு அனுப்ப வேண்டும், நெகட்டிவ் முடித்தவனிடம் இருக்கட்டும். என் படங்கள் எவை, உன் படங்கள் எவை என்று நீ பிரித்து அனுப்ப வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும்.

அவளுக்கென்ன, நன்றாக இருக்கிறாள்.

அண்ணன்

ஜூன் 26

சகலைக்கு,

இங்கு நலம் என்று எழுதினால் பொய்.

மிச்ச ஃபிலிமை முடித்துப் பிரிண்ட் போட்டு மொத்தமாக அனுப்பியிருக்கிறேன். என் பங்குப் படங்கள் எல்லாம் நேராக இருக்கும். ஒரு தலையும் வெட்டுப்படவில்லை. ஒவ்வொன்றையும் பல் செய்வதுபோல அளந்து எடுத்தேன். என் குழந்தை ஓட்டைப் பல்லோடு சிரிக்கும் படம்கூடப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுபோல இருக்கிறது. "ஏம்ப்பா என்னைத் திட்டிட்டே எடுத்தே?" என்று அவள் கேட்கிறாள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

உங்கள் படங்களை மேலோட்டமாகத்தான் புரட்டினேன். ஊஞ்சல் குழந்தைகளைப் பற்றி உங்கள் செயலாளர் சொன்னது சரி. ஆனால் நடுவே சில படங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பொங்கி அடுப்பில் வழிகிற பால், கொடியில் ஜோடி சேராத காலுறைகள், யாரோ ஒருவருடைய முதுகு. நீங்கள் எடுத்ததா என்று நம்ப முடியவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

சகலை

ஜூலை 12

தம்பிக்கு,

நலம்.

ஒரு வழியாகக் கொஞ்சம் நேராகப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். உன் குழந்தை படத்துக்கு மட்டும் மூலையை வெட்டவில்லை. முன்னேற்றம்.

ஆனால் நடுவில் பழைய புத்தியைக் காட்டியிருக்கிறாய். பால் பொங்கி வழிகிறபோது அடுப்பை அணைக்காமல் படம் எடுக்கிறவனை என்னவென்று சொல்வது? காலுறைப் படம் மங்கல். எல்லாவற்றிலும் மோசம் அந்த முதுகு. அதை என் படம் என்று என் தலையில் கட்டப் பார்த்தாய் பார், அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு! யாரப்பா அந்த ஆள்? உங்கள் வீட்டு ஓனரா? தோளில் ஓட்டை விழுந்த பனியன், மடித்து மடித்து விழும் கழுத்துச் சதை. மேஜைமேல் கவிழ்ந்து ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்கிறாராம். முகம் இல்லை, பார்வை இல்லை, என்ன செய்கிறார் என்றும் தெரியவில்லை. இந்த மாதிரி ஓர் ஆளைப் படம் எடுக்க வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றியது? பார்த்த மாத்திரத்தில் மூலையை வெட்டினேன். கழித்தவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கண்காட்சிக்கு ஊஞ்சலையே கொடுக்கப்போகிறேன்.

இங்கு அனைவரும் நலம்.

அண்ணன்

ஜூலை 20

சகலைக்கு,

நலம். இன்று நிஜமாகவே நலம். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த முதுகை நான் எடுக்கவில்லை. பால், காலுறை எதையும் நான் எடுக்கவில்லை. நல்லதெல்லாம் உங்களுடையது, கெட்டதெல்லாம் என்னுடையது என்று பிரித்துப் பழகிய உங்களுக்கு, வேறு யாராவது எடுத்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வெட்டி அனுப்பியதை என் மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும், "ஐயோ, இது அத்தான் முதுகுங்க! இது அக்கா வீட்டு மேஜை. இந்தப் பனியனைத் தூக்கிப் போடச் சொல்லி அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கா!" என்றாள்.

உடனே நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் பாருங்கள். பெல்ட்டில் பார்க்கிற பார்வை வேண்டாம்.

அந்த ஆள் நீங்கள்தான். உங்கள் வீட்டு மேஜையில் குனிந்து உட்கார்ந்து, கத்திரிக்கோலால் என் படங்களுக்கு மூலை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மனுஷனுக்குத் தன் முதுகு தெரியாதுதான். தன் வீட்டு மேஜையாவது தெரிய வேண்டாமா?

இப்போது வலது மேல் மூலையைப் பாருங்கள். அது உங்கள் பீரோக் கண்ணாடி. அதற்குள் அக்கா நிற்கிறார். ஒரு கண் கேமராவில், இன்னொரு கண்ணை இறுக மூடியிருக்கிறார், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. 'மகிழ்ச்சி' எங்கே என்று பூங்கா பூங்காவாகத் தேடினீர்களே. வெட்டிக் குப்பையில் போட்டது அதைத்தான்.

சகலை

ஜூலை 30

தம்பிக்கு,

நெகட்டிவை அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்

ஆகஸ்ட் 6

சகலைக்கு,

இத்துடன் நெகட்டிவ். மூலையோடு முழுசாக இருக்கிறது. அதில் கத்திரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகலை

செப்டம்பர் 14

தம்பிக்கு,

நலம். உன் அக்காவும் நலம்.

படத்தைப் பெரிதாகப் போட்டு, அவள் பேரிலேயே கண்காட்சியில் வைத்தேன். என் முதுகை ஊரே பார்த்தது. செயலாளர் அதன் முன்னால் நின்ற நேரத்தில் என் ஊஞ்சலைப் பத்துத் தடவை பார்த்திருக்கலாம். முதல் இடம் அதற்குத்தான். பக்கத்தில் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இதை நீ எதிர்பார்த்துத்தானே அந்தக் கடிதத்தை எழுதினாய்? உனக்குத் திருப்தி என்றால் சரி.

இனி முறை மூன்று பேருக்கு. முதலில் அவள், பிறகு நான், கடைசியில் நீ. ஆகவே மாமனாருக்கு எழுதிக் கேமராவை உடனே இங்கே அனுப்பச் செய்துவிட்டேன். நீ கோள் சொல்லலாம் என்றால் எனக்கும் வாய் இருக்கிறது.

கிளப் ஆட்கள் வாராவாரம் வீட்டுக்கு வருகிறார்கள். அவளுக்கு ஒளியைப் பற்றி நான்தான் சொல்லித் தருகிறேன். கையில் இருக்கும் திறமையை வளர்க்காமல் விடக் கூடாது.

அண்ணன்

அக்டோபர் 5

தம்பிக்கு,

நலம். தங்கைக்கும் குழந்தைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இது உங்களுக்கு மட்டும்.

யார் உங்களிடம் கேட்டார்கள்?

போன வருஷத்திலிருந்து அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் இருக்கும்போதும், குனிந்து வெட்டுகிற நேரமாகப் பார்த்து எடுப்பேன். அவர் அதை உங்களுடையது என்று நினைப்பார். நீங்கள் அவருடையது என்று நினைப்பீர்கள். ஒருத்தரையொருத்தர் கரித்துக் கொட்டிக்கொள்வீர்கள். நடுவில் நான் யார் கண்ணிலும் படாமல் ஜாலியாக இருந்தேன். தங்கைக்குக் கடிதம் எழுதாததற்குக் காரணம் மனக்கஷ்டம் இல்லை. எழுத உட்கார்ந்தால் சந்தோஷத்தில் உளறிவிடுவேன். அவளிடம் சொன்னால் உங்களிடம் சொன்ன மாதிரி.

அவர் என் படத்தின் மூலையை வெட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "யாருடா இந்த ஓட்டைப் பனியன்" என்று அவர் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அது எனக்கு வலிக்கவே இல்லை. உங்கள் கடிதம்தான் வலித்தது. அவரை அடிக்க உங்களுக்கு ஒரு கம்பு வேண்டியிருந்தது. என் படம் கைக்குக் கிடைத்தது. அடித்துவிட்டீர்கள்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். கிளப்பிலிருந்து நாலு பேர் வந்து உட்கார்ந்து, "கண்ணாடியை அங்கே வைக்கணும்னு எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். பீரோவை எங்கே வைப்பது என்று யாராவது யோசிப்பார்களா? வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. பால் பொங்கினால் இவர் ஓடிவந்து, "இடது பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, எடு, எடு" என்கிறார். மனுஷன் பாராட்டுகிற பாராட்டில் பாலை எடுக்கிற ஆசையே போய்விட்டது. வெட்டுவதாவது முடிந்த பிறகுதான் வெட்டினார். இது எடுப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. அடுத்த வருஷத் தலைப்பை இப்போதே சொல்லி என்னைத் தயாராகச் சொல்கிறார்.

நீங்களும் ஒன்றும் குறைந்தவர் இல்லை. அவர் சாய்ந்திருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு என்ன? உங்கள் குழந்தையைத் திட்டிக்கொண்டே எடுக்கச் சொல்லி அவரா கையைப் பிடித்தார்? ஒருத்தர் பேச்சுக்காக விட்டுவிடுகிற அளவுக்குத்தான் உங்களுக்கு அது பிடித்திருந்தது என்றால், கேமராவைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கேமராவில் இப்போது ஃபிலிம் போடுவதில்லை. "எடுத்தியா?" என்று அவர் சாயங்காலம் கேட்பார். "நிறைய" என்பேன். அது பொய் இல்லை. பார்க்கிறேன், ஒரு கண்ணை மூடுகிறேன், அழுத்துகிறேன், சத்தம் கேட்கிறது. வெட்டவும் ஒன்றும் இல்லை, மாட்டி வைக்கவும் ஒன்றும் இல்லை. ஃபிலிம் சுருள் வாங்கி வைத்ததெல்லாம் மாவு டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. உங்கள் முறை வந்தால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். இதை அவருக்கு எழுதினீர்கள் என்றால் இந்த ஜென்மத்தில் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

இதை எழுதும்போது அவர் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வெட்டிய மூலைகளை அவர் குப்பையில் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். இன்று அதைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பீரோக் கண்ணாடியும் நானும் இருக்கிற அந்தத் துண்டைத் தேடுகிறார். பெரிய பிரிண்ட் சுவரில் தொங்குகிறது, இருந்தாலும் அந்தச் சின்னத் துண்டுதான் வேண்டுமாம். அதே ஓட்டைப் பனியன்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்று ஒன்று எடுத்தேன். சத்தத்தைக் கேட்டும் அவர் திரும்பவில்லை. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

இப்படிக்கு,
அக்கா